செயற்கூறு அழைப்புகளைக் காட்டும் படம் நூற்கண்டுபோல் சிக்கிக்கொள்கிறது: வழி என்ன?

கேள்வி

வணக்கம். சி மொழியில் எழுதப்பட்டு, பல ஆண்டுகளாகப் பலர் கைபட்ட ஒரு பெரிய நிரல்தொகுப்பை எங்கள் குழு பராமரித்து வருகிறது. புதிதாகச் சேர்பவர்கள் அதைப் படித்துப் புரிந்துகொள்வதற்காக, எந்தச் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) எதை அழைக்கிறது என்பதைப் படமாகக் காட்டும் ஒரு கருவியை எழுதி வருகிறேன். அழைப்புகளைத் திரட்டி, பெட்டிகளும் கோடுகளுமான படங்களைத் தானாக வரையும் கிராஃப்விஸ் மென்பொருளின் 'டாட்' நிரலுக்குக் கொடுத்து, கிடைக்கும் படத்தை உலாவியில் காட்டுகிறேன்.

சிறிய கோப்புகளுக்குப் படம் தெளிவாக வருகிறது. முழுத் தொகுப்பையும் கொடுத்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து எதையும் படிக்க முடிவதில்லை. 'கான்சென்ட்ரேட்' அமைப்பை இயக்கியதும் கோடுகள் ஒன்றிணைந்தன. ஆனால் எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போயிற்று. மேலும், ஒரு செயற்கூறைக் குறிக்கும் பெட்டியைச் சொடுக்கி விரித்தால் மற்ற எல்லாப் பெட்டிகளும் இடம் மாறிவிடுகின்றன. இவ்விரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

பதில் 1

பதிவு எழுதுதல், நினைவகம் ஒதுக்குதல், பிழை சோதித்தல் ஆகியவற்றுக்கான பொதுச் செயற்கூறுகளை முதலில் படத்திலிருந்து விலக்குங்கள். ஏறக்குறைய எல்லாமே அவற்றை அழைப்பதால், கோடுகளில் பெரும்பகுதி அந்தச் சில பெட்டிகளை நோக்கியே ஓடும். அவற்றுக்குக் கோடு வரையாமல், அழைக்கும் பெட்டிக்குள் ஒரு சிறு குறியாகக் காட்டினால் தகவலும் தொலையாது.

கிராஃப்விஸ்ஸுடன் வரும் 'ட்ரெட்' கருவியைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். இந்த வேலைக்கு அது வேண்டாம். ஒரு செயற்கூறு இன்னொன்றை நேரடியாகவும், இடையில் ஒன்றின் வழியாகவும் அழைத்தால், நேரடி அழைப்பின் கோட்டை அது நீக்கிவிடும். நிரலைப் படிக்க வருபவர் தேடுவதே அந்தக் கோடாக இருக்கலாம்.

பதில் 2

மேலே சொன்னது அவசியம்தான், ஆனால் போதாது. முழுத் தொகுப்பையும் கோடுகளாக வரைய முற்படுவதே அடிப்படைச் சிக்கல் என்று கருதுகிறேன். சில்லிட்டோ, மர்ஃபி, டி வோல்டர் ஆகிய ஆய்வாளர்கள், நிரலில் மாற்றம் செய்யும்போது நிரலாளர்கள் கேட்கும் 44 வகைக் கேள்விகளை 2006இல் தொகுத்தார்கள். தொடங்குவதற்கு ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது, அங்கிருந்து அடுத்தடுத்த தொடர்புகளுக்கு நகர்வது, அப்படிச் சேர்ந்த சிறு வலைப்பின்னலைப் புரிந்துகொள்வது, அத்தகைய பல வலைப்பின்னல்களுக்கு இடையிலான உறவை அறிவது என்று அவை நான்கு பிரிவுகளாக அமைகின்றன. இவற்றில் எதற்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே திரையில் வேண்டியதில்லை.

முழுத் தொகுப்பையும் ஒரே பார்வையில் காட்ட விரும்பினால் கோடுகளையே கைவிடுவது நல்லது. பெல் ஆய்வகத்தில் உருவாகி 1992இல் வெளிவந்த சீசாஃப்ட் என்ற கருவி, நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒரு மெல்லிய வண்ணக் கீற்றாக்கி, சுமார் 50,000 வரிகளை ஒரே திரையில் அடக்கிக் காட்டியது. அண்மையில் மாறிய வரிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதை அதில் பார்த்த உடனே அறியலாம்.

உங்கள் தேவைக்கு, நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள உதவும் சோர்ஸ்டிரெயில் என்ற மென்பொருள் மிகப் பொருத்தமான முன்மாதிரி. தேர்ந்தெடுத்த செயற்கூறு நடுவிலும், அதை அழைப்பவை இடப்புறமும், அது அழைப்பவை வலப்புறமும் அமைய, உரிய நிரல் வரிகள் பக்கத்திலேயே தெரியும். 2021இல் அதன் உருவாக்கம் நின்றுவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. ஆயினும் மூலநிரல் திறந்தே இருப்பதால் படித்துப் பார்க்கலாம்.

பெட்டிகள் இடம் மாறுவதற்குக் காரணம் 'டாட்' அடுக்குமுறையில் வரைவதுதான். புதிய கோடு ஒன்று சேர்ந்தாலே ஒரு பெட்டியின் அடுக்கு மாறலாம். அதைச் சார்ந்தவையும் அதனுடன் நகரும். கிராஃப்விஸ்ஸின் மற்றொரு நிரலான 'நியாட்டோ'வில் ஒரு பெட்டியின் இருப்பிடத்தைக் கொடுத்து அதன் இறுதியில் வியப்புக்குறி இட்டால் அந்தப் பெட்டி அசையாது. பழைய பெட்டிகள் அனைத்தையும் இவ்வாறு நிலைநிறுத்திவிட்டு, புதியவற்றுக்கு மட்டும் இடம் தேடச் சொல்லுங்கள். படம் சற்று அழகு குறைந்து வந்தாலும் பரவாயில்லை. படிப்பவர் தாம் பார்த்த பெட்டியைப் பார்த்த இடத்திலேயே மீண்டும் காண்பது அதைவிட முக்கியம்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு செயற்கூறிலிருந்து தொடங்கி, கேட்கும்போது மட்டும் விரியும்படி மாற்றினேன், இருப்பிடங்களையும் நிலைநிறுத்தினேன். இப்போது படத்தைப் படிக்க முடிகிறது. ஆனால் எங்கள் நிரலில் செயற்கூறுச் சுட்டிகள் (ஒரு செயற்கூறின் நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்) நிறைய உண்டு. அவற்றின் வழியாக நடக்கும் அழைப்புகள் படத்தில் வராததால், பயன்பாட்டில் உள்ள சில செயற்கூறுகளை யாருமே அழைக்காதவைபோல் படம் காட்டுகிறது. புதியவர் ஒருவர் அதை நம்பி அவற்றை நீக்கிவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 3

அந்த அச்சம் நியாயமானது. இதற்கு இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். முதலாவது, எந்தச் செயற்கூறின் முகவரி எங்கே எடுக்கப்படுகிறது என்று திரட்டி, சுட்டியின் வகையோடு பொருந்துபவற்றையெல்லாம் 'அழைக்கக்கூடும்' என்று புள்ளிக்கோட்டால் காட்டுவது. இதில் மிகையான கோடுகள் வரும். இரண்டாவது, நிரலை ஓட்டிப் பார்ப்பது. மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் ஜிசிசி தொகுப்பியின் 'இன்ஸ்ட்ருமென்ட் ஃபங்ஷன்ஸ்' விருப்பத்தேர்வு ஒவ்வொரு செயற்கூறின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் ஓர் அழைப்பைச் செருகும். அந்த அழைப்புக்குச் செயற்கூறின் முகவரியும் அது அழைக்கப்பட்ட இடத்தின் முகவரியும் கிடைக்கும். உங்கள் சோதனைகளை இவ்வாறு ஓட்டி, உண்மையில் நடந்த அழைப்புகளை முழுக்கோடாக மாற்றுங்கள். சோதனைகள் தொடாத பகுதி புள்ளிக்கோடாகவே இருக்கட்டும்.

முகவரி எடுக்கப்பட்ட எந்தச் செயற்கூறையும், அதற்கு ஒரு கோடுகூட வராவிட்டாலும், 'அழைப்பவர் இல்லை' என்று கருவி சொல்லக் கூடாது. 'அழைப்பவர் தெரியவில்லை' என்று பெட்டியிலேயே எழுதிவிடுங்கள்.