இலங்கையின்ர வற் வரியை (VAT, பெறுமதி சேர் வரி) வைச்சுச் சிரிப்பு நாடகம் எழுதுறது எப்பிடி?

கேள்வி: சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்குப் பத்து நிமிச நாடகம். வற் வரியைப் பற்றிப் புள்ளிவிவரம் சொன்னால் சனம் எழும்பிப் போயிடும். என்ன செய்யலாம்?

பதில் 1: ஒரு சவுக்காரக் கட்டி போதும். வரியில்லாமல் 100 ரூபா எண்டு வையுங்கோ. வரி ஏற ஏற விலை இப்பிடிப் போகும்: 2022 மே 108, யூன் 112, செப்ரெம்பர் 115, 2024 சனவரி 118. முதலாளி பலகையில அழிச்சழிச்சு எழுதட்டும், கட்டி ஒவ்வொருமுறையும் சின்னனாகட்டும். வசனமே வேண்டாம்.

பதில் 2: 118 ரூபாவுக்குள்ள வரி எவ்வளவு எண்டு பாக்க, 118இல 18 வீதம் எடுத்தால் 21.24 வரும், அது பிழை. விலையை 118ஆல பிரிச்சு 18ஆல பெருக்கவேணும், 18 ரூபா வரும். சபையில கணக்கு ரீச்சர் இருப்பா, கவனம்.

பதில் 3: கடைக்காரரைக் கள்ளனாக்காதேங்கோ. வற்றுக்குப் பதியாத சின்னக் கடை பில்லில வற் போட ஏலாது. வாங்குற சரக்கில ஏறின வரியைத் திருப்பி எடுக்கவும் ஏலாது. நக்கல், வரியைக் கொண்டுவந்தவைக்குத்தான் விழவேணும்.