டிஷ்வாஷரில் கவுச்சி வாடை, ஃபில்டர் கழுவியும் போகவில்லை

ஈரத்துணி (கேள்வி)

பாத்திரமெல்லாம் பளிச்சென்றுதான் வருகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நாளாகவே டிஷ்வாஷர் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை. கழுவி முடித்த சூட்டோடு திறந்தால் முட்டைக் கவுச்சி மாதிரி இருக்கிறது, ராத்திரி முழுக்க மூடியே வைத்திருந்து காலையில் திறந்தால் சாக்கடை மாதிரி. கண்ணாடி டம்ளரில்தான் ரொம்ப மோசம், தண்ணீர் குடிக்க வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே மூக்கில் ஏறுகிறது, வீட்டில் யாரும் அந்த டம்ளர்களைத் தொடமாட்டேன் என்கிறார்கள்.

அடியில் இருக்கிற ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். மேல் தட்டில் ஒரு கிண்ணம் வினிகர் வைத்து ஓட்டினேன், அப்புறம் சமையல் சோடா தூவியும் ஓட்டிப் பார்த்தேன். ஓரிரு நாள் நன்றாக இருக்கும், மறுபடி அதே கதை. எலுமிச்சை வாசனையோடு உள்ளே தொங்கவிடுகிற ஒரு பொருள் விற்கிறார்களே, அதை வாங்கலாமா, இல்லை மெக்கானிக்கையே கூப்பிட்டுவிடலாமா? எப்போதும் ஈகோ மோடில்தான் ஓட்டுகிறோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கரண்டிக்காம்பு

அந்தத் தொங்கல் வேண்டாம். கவுச்சியும் எலுமிச்சையும் சேர்ந்து அடித்தால் இப்போது இருப்பதைவிடக் கொடுமையாக இருக்கும்.

ஃபில்டரைக் கழுவினேன் என்கிறீர்கள், ஆனால் ஃபில்டர் உட்கார்ந்திருக்கிற குழியைப் பார்த்தீர்களா? பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மெஷினின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, நடுவில் இருக்கிற உருளையைத் திருகி எடுங்கள், அதன் கீழே இருக்கும் தட்டையான சல்லடையையும் தூக்குங்கள். குழியில் நிற்கும் தண்ணீரை ஒரு பழைய ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் அடியில் பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று தெரியும், பாட்டிலில் இருந்து உரிந்த லேபிள் காகிதம், பழ விதை, எலும்புத் துணுக்கு என்று எல்லாம் அதில் ஊறிக்கொண்டிருக்கும். வெறுங்கையை விடாதீர்கள், உடைந்த கண்ணாடிச் சில்லு கிடக்கலாம். சல்லடையை வெறும் தண்ணீரில் காட்டினால் போதாது, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் வேண்டும், ஏனென்றால் கண்ணை அடைப்பது சோற்றுப்பருக்கை இல்லை, கொழுப்பு. திரும்ப மாட்டும்போது உருளை கடைசிவரை திருகி உட்கார்ந்ததா என்று பாருங்கள், அரைகுறையாக நின்றால் கசடு நேராகப் பம்புக்குப் போய்விடும்.

அடுத்து கதவின் கீழ் விளிம்பு. இதைத்தான் யாரும் பார்ப்பதே இல்லை. கதவை முழுதாகத் திறந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, விரலில் வெள்ளை டிஷ்யூ ஒன்றைச் சுற்றிக்கொண்டு கீழ் ரப்பர் பட்டையின் மடிப்புக்குள் ஒரு இழுப்பு இழுங்கள். கறுப்பாக, வழவழவென்று வரும். தண்ணீர் பீய்ச்சுகிற கைகள் சுழலும்போது அந்த மூலைக்குச் சோப்புத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேருவதில்லை, ஆனால் சூடும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் தாராளமாகப் போகும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? 2011ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பல நாடுகளின் வீட்டு டிஷ்வாஷர்களில் ரப்பர் பட்டையைச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவற்றில் பூஞ்சை கிடைத்தது. சூட்டையும் சோப்பின் காரத்தையும் தாங்கிக்கொள்கிற கறுப்பு ரகங்கள் அதில் நிறைய. ஆகவே சூடாக ஓட்டினால் தானாகச் செத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, துணியால் துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

குழாய்முடுக்கி

மேலே சொன்னது கவுச்சிக்குச் சரி. காலையில் சாக்கடை வாடை என்கிறீர்களே, அது பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. ரிப்பேர் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், முதலில் டிரெயின் ஹோஸைப் பாருங்கள்.

சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்து, மெஷினிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீர் ஹோஸ் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அது ஒரு வளைவாக மேலே ஏறி, சிங்க்கின் அடிப்பக்கத்தைத் தொடுகிற உயரத்தில் கட்டப்பட்டு, அதன் பிறகுதான் இறங்கிக் கழிவுக்குழாயில் சேர வேண்டும். ஹோஸ் தரையோடு தரையாகக் கிடந்து அப்படியே குழாயில் செருகியிருந்தால், சிங்க்கில் நீங்கள் ஊற்றுகிற அழுக்குத் தண்ணீர் திரும்பி ஹோஸுக்குள் வந்து தங்கும், கழிவுக்குழாய் கொஞ்சம் அடைத்திருந்தால் மெஷினுக்குள்ளேயே வந்துவிடும். ராத்திரி பூராவும் அது அங்கே நின்றால் காலையில் என்ன வாடை அடிக்கும்?

சோதிப்பது சுலபம். மெஷின் ஓடாத நேரத்தில் ஃபில்டரைக் கழற்றிக் குழியில் தண்ணீர் எந்த அளவுக்கு நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்க்கை அடைப்பான் போட்டு நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். குழியில் மட்டம் ஏறினால் ஆசாமி பிடிபட்டுவிட்டார். ஒரு கிளிப்போ பிளாஸ்டிக் டையோ போட்டு ஹோஸை மேலே தூக்கிக் கட்டினால் வேலை முடிந்தது, இதற்கு மெக்கானிக் தேவையே இல்லை.

இன்னொன்று. ஊருக்குப் போய்விட்டு வாரக்கணக்கில் கழித்துத் திரும்பியதும் மட்டும் நாறினால், சிங்க்கின் கீழ் வளைகுழாயில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். சாக்கடைக் காற்றைத் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

ஈரத்துணி

குழியில் எப்போதுமே கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதே, அது கோளாறா? அப்புறம், வினிகர் ஏன் ஓரிரு நாளைக்கு மேல் தாங்கவில்லை?

குழாய்முடுக்கி

ஃபில்டருக்கு அடியில் கொஞ்சம் நிற்பது சகஜம்தான். ஃபில்டருக்கு மேலே, மெஷினின் தரையில் குளம் கட்டினால்தான் பிரச்சினை. ஹோஸ் மடங்கியிருக்கிறதா, பம்பில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புளிப்புக்காரம்

வினிகர் விஷயத்துக்கு நான் வருகிறேன், இணையத்தில் அதைப் பற்றி அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 5 சதவீதம் போல இருக்கும். ஒரு கிண்ணம் என்றால் 200 மில்லி, அதாவது 10 கிராம் அமிலம். மெஷின் ஒரு தடவை உள்ளே எடுக்கும் தண்ணீர் 3, 4 லிட்டர். அதில் கலந்ததும் அமிலம் 0.3 சதவீதத்துக்கு வந்துவிடும். அதுவும் முன்கழுவல் உள்ள ப்ரோக்ராம் என்றால் முதல் தண்ணீரோடேயே பாதிக்கு மேல் வெளியே போய்விடும். மிஞ்சினது உப்புப்படிவை லேசாகக் கரைக்கும், வாடையைக் கொஞ்சம் அமுக்கும், ஆனால் ஒட்டியிருக்கிற கொழுப்பை ஒன்றும் செய்யாது. அடிக்கடி ஊற்றினால் ரப்பருக்கும் நல்லதல்ல. சோடாவும் வினிகரும் சேர்த்துப் போடுவது இன்னும் வேடிக்கை, நுரை பொங்குவதைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று நினைப்போம், ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டு உப்புத் தண்ணீர்தான் மிச்சம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சைக் கொண்டுவந்து ஊற்றாதீர்கள். துருப்பிடிக்காத எஃகையே அது அரிக்கும், வினிகரோ வேறு அமிலமோ உள்ளே இருந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த சமையலறையில் அது விளையாட்டில்லை.

கொழுப்புக்கு மருந்து சூடும் சோப்பும்தான். ஈகோ மோட் கேட்டீர்களே, சம்பந்தம் உண்டு. பெரும்பாலான மெஷின்களில் அது 50 டிகிரி செல்சியஸ் அக்கம்பக்கத்தில்தான் கழுவுகிறது. பாத்திரத்துக்கு அது போதும், மின்சாரமும் மிச்சம், நானும் தினம் அதில்தான் ஓட்டுகிறேன். ஆனால் பாத்திரத்திலிருந்து கழன்ற கொழுப்பு குழாயிலும் பம்பிலும் ஆறி மெழுகு மாதிரி படிந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறையாவது மெஷினைக் காலியாக வைத்து, வழக்கமான சோப்பைப் போட்டு, 65 அல்லது 70 டிகிரி ப்ரோக்ராமில் ஓட்டுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் இன்னொரு நாள் சிட்ரிக் அமிலத் தூள் போட்டு ஓட்டலாம். அன்றைக்குச் சோப்பு சேர்க்க வேண்டாம், காரமும் அமிலமும் ஒன்றை ஒன்று கெடுக்கும். கடையில் வரும் மெஷின் கிளீனர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொல்கிறார்கள் இல்லையா, அதன் வாயில் ஒரு மெழுகு அடைப்பு இருக்கும். தண்ணீர் சூடானால்தான் அது உருகும், அதனால் மருந்து முன்கழுவலில் வீணாவதில்லை. வினிகர் கிண்ணத்துக்கு அந்த வித்தை தெரியாது.

ஈரத்துணி

பார்த்துவிட்டேன். ஹோஸ் தரையில்தான் பாம்பு மாதிரி கிடந்தது, இழுத்துக் கட்டியதும் சாக்கடை வாடை சுத்தமாக நின்றுவிட்டது. கீழ் ரப்பரில் வந்ததைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. 70 டிகிரியிலும் ஓட்டியாகிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது முட்டை சமைத்த நாளில் டம்ளரில் வருகிற லேசான கவுச்சி மட்டும்.

கரண்டிக்காம்பு

முட்டைப் பாத்திரத்தை மட்டும் உள்ளே வைப்பதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், வெந்நீர் கூடாது. 60 டிகிரியைத் தாண்டினாலே முட்டைப் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மெஷின் அதைத் துணுக்குத் துணுக்காக எல்லாப் பாத்திரத்துக்கும் பரப்பும். மற்ற பாத்திரங்களை அலச வேண்டியதில்லை, வழித்துப் போட்டால் போதும். மெஷினுக்கான சோப்பு டேப்லெட் வாங்கும்போது என்சைம் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள், புரதத்தை உடைப்பது அதுதான். அரைமணி நேரக் குட்டி ப்ரோக்ராமில் சில டேப்லெட் முழுக்கக் கரைவதே இல்லை, அவசரத்துக்கு அதில் ஓட்டுகிறவர்கள் வீட்டிலும் இந்த வாடை வரும்.

தண்ணீர் பீய்ச்சும் கைகளையும் ஒருமுறை கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் விதையோ சில்லோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பல்குச்சியால் துளைகளைக் குத்தி, குழாயடியில் பிடித்தால் வந்துவிடும். துளை அடைத்திருந்தால் மேல் தட்டுக்குத் தண்ணீரே சரியாக ஏறாது, டம்ளர்கள் இருப்பதும் அங்கேதானே.

ஓரமாய் ஒருத்தி

ராத்திரி ஓட்டுவதைத் தூங்கப் போவதற்கு முன்னால் முடிகிற மாதிரி வைத்துக்கொண்டு, ஆவி அடங்கியதும் கதவை ஒரு சாண் திறந்துவிட்டுப் போங்கள், ஈரம் காய்ந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. முடிந்தவுடனேயே திறந்தால் மேலே இருக்கிற மரப்பலகை ஆவி பட்டு ஊதிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும் என்றால் அழுக்குப் பாத்திரத்தோடு மூடி வைக்காமல், வெறுமனே அலசுகிற ப்ரோக்ராம் ஒன்று இருக்கும், அதை ஓட்டிவையுங்கள், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஈரத்துணி

கைகளைக் கழற்றினேன். மேல் கையில் மூன்று துளை அடைப்பு, உள்ளே ஒரு எலுமிச்சை விதை. நன்றி எல்லாருக்கும், டம்ளரை இப்போது தைரியமாக எடுக்கிறார்கள்.