குரல் அடையாள மாடல்: சோதனையில் சரியாக வருகிறது, போனில் தப்புகிறது

காட்பாடிக்காரன்:
பேசுவது யார் என்று குரலை வைத்துப் பெயர் சொல்லும் மாடல் செய்கிறேன். குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து ஆட்கள் 40 பேர். ஆளுக்கு 5 நிமிடம், ஒரே மைக்கில், ஒரே நாளில் பதிவு. எம்.எஃப்.சி.சி (குரலின் அலை அமைப்பைச் சொல்லும் எண்கள்) எடுத்து ஆளுக்கொரு ஜி.எம்.எம் (அந்த எண்கள் பரவியிருக்கும் விதத்தைப் பிடிக்கும் புள்ளியியல் மாடல்). 3 விநாடித் துண்டுகளாக வெட்டி, கலைத்து, பயிற்சிக்கும் சோதனைக்கும் 80:20 பிரித்துச் சோதித்தால் ஏறக்குறைய எல்லாமே சரி. அவர்களே வேலூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து போனில் பேசினால் வேறு யார் பெயரோ வருகிறது. எங்கே கோளாறு?

பாலாற்றங்கரை:
பிரித்த விதத்தில். ஒரே பதிவின் துண்டுகள் பயிற்சியிலும் இருக்கின்றன, சோதனையிலும் இருக்கின்றன. ஃபேன் சத்தம், மைக்குக்கும் வாய்க்கும் இருந்த தூரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாடல் அந்த ஆளின் குரல் என்று பிடித்துக்கொள்கிறது. ஆளுக்கு இரண்டு நாள், இரண்டு போனில் பதிவு எடுங்கள். ஒரு நாள் பயிற்சிக்கு, மறுநாள் சோதனைக்கு. மதிப்பெண் இறங்கும். இறங்கட்டும், அதுதான் உண்மையான எண்.

இன்னொன்று, பழைய வகை போன் லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வரும். அந்த 8 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 8000 மாதிரிகள்) பதிவை 16 ஆக மாற்றினாலும் வெட்டுப்பட்ட மேல் அலைகள் திரும்பாது. அதனால் மைக் பதிவையும் அதே அளவுக்கு இறக்கிப் பழக்குங்கள்.

ராணிப்பேட்டை சிக்னல்:
மேலே சொன்னது சரி. ஆனால் ஜி.எம்.எம்-ஐ விட்டுவிடலாம். 40 பேர் பதிவை வைத்து நியூரல் நெட்வொர்க்கைப் புதிதாகப் பழக்கவும் முடியாது. வாக்ஸ்செலப் என்ற பிரபலங்களின் குரல் தொகுப்பில் ஏற்கெனவே பழக்கிய எகாப்பா-டிடிஎன்என் என்ற குரல் அடையாள நெட்வொர்க், ஸ்பீச்பிரெயின் என்ற மென்பொருள் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. உள்ளே 16 கிலோஹெர்ட்ஸ் ஒலி கொடுத்தால் அந்தக் குரலைக் குறிக்கும் 192 எண்கள் வரும். ஓர் ஆளின் பல பதிவுகளுக்கு அந்த எண்களைச் சராசரி எடுத்து வைத்து, புதுக் குரலின் எண்களோடு கொசைன் ஒப்பீடு (இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற மதிப்பெண்) செய்தால் போதும்.

முதலில் மௌனத்தை வெட்டுங்கள். ஹாரன் சத்தத்தைத் துடைக்க இரைச்சல் நீக்கியைப் பலமாகப் போட்டால் குரலின் அடையாளமும் சேர்ந்து போய்விடும். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலைச் சராசரிக்கு எடுக்கும் பதிவுகளில் கலப்பதே மேல். பட்டியலில் இல்லாத 41வது ஆள் பேசினால் மறுக்க, ஒப்பீட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கீழ் வரம்பும் வேண்டும். வேறு யாரோ வைத்த எண்ணை எடுக்காமல், உங்கள் மறுநாள் பதிவில் பார்த்து வையுங்கள்.

காட்பாடிக்காரன்:
நன்றிங்க. பட்டியலில் ஓர் அண்ணன் தம்பி இருக்கிறார்கள், ஒருவர் பேசினால் மற்றவர் பெயர் வருகிறது. அதற்கு?

ராணிப்பேட்டை சிக்னல்:
ஒப்பீட்டில் முதலில் வரும் இரண்டு பெயர்களின் மதிப்பெண்களுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் பெயர் சொல்ல வேண்டாம். இன்னும் 10 விநாடி பேசச் சொல்லி, இரண்டு பேச்சையும் சேர்த்து மறுபடி ஒப்பிடுங்கள்.