தேன் குடிக்காத அந்துப்பூச்சி ஜோஷுவா மரத்துப் பூவை நாடுவது ஏன்?

கேள்வி:
அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வளரும் ஜோஷுவா மரத்துக்கு மகரந்தச் சேர்க்கை செய்பவை டெகெட்டிகுலா பேரினத்தைச் சேர்ந்த சிறிய அந்துப்பூச்சிகள் மட்டுமே என்று படித்தேன். முதிர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லையாம். அப்படியானால் பூவால் அதற்கு என்ன ஆதாயம்? மேலும், அந்த மரம் சில ஆண்டுகளில் பூப்பதே இல்லை எனும்போது, சில நாள்களே வாழும் பூச்சியின் வம்சம் எப்படித் தப்புகிறது?

பதில் 1:
ஆதாயம் அதன் குஞ்சுப்புழுக்களுக்கு. பெண் பூச்சியின் வாயருகே சுருண்டு நீளும் இரண்டு உணர்கைகள் உள்ளன. அவற்றால் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கி, தலைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு வேறொரு பூவுக்குப் பறக்கிறது. அங்கே விதை உருவாகும் பகுதியான சூலகத்துக்குள் முட்டையிட்டபின், அதன் உச்சிக்கு ஏறி, உருண்டையிலிருந்து சிறிதளவு எடுத்து, மகரந்தத்தை ஏற்கும் முனையான சூலகமுடியின் குழிக்குள் திணிக்கிறது. பெரும்பாலான பூச்சிகள் உடம்பில் ஒட்டியதைத் தற்செயலாகச் சுமந்து செல்ல, இது அதையே வேலையாகச் செய்கிறது. விதை பிடித்தால்தான் புழுவுக்கு இரை; புழுக்கள் தின்றது போக மிஞ்சுவது மரத்துக்கு.

பதில் 2:
இந்த உறவைப் பெருந்தன்மையாகச் சித்திரிக்கும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. ஜோஷுவா மரமும் யூக்கா வகைச் செடிதான்; இதே குடும்பத்தின் புரோடாக்சஸ் பூச்சிகள் யூக்காச் செடிகளின் தண்டிலோ காயிலோ முட்டையிடுகின்றன. மகரந்தத்தைத் தொடுவதே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது. வளர்ந்த டெகெட்டிகுலா புழு காயைத் துளைத்து வெளியேறி, தரையில் விழுந்து, மண்ணைக் குடைந்து கூடு கட்டி உறங்குகிறது. எல்லாப் புழுக்களும் அடுத்த வசந்தத்திலேயே பூச்சியாகிவிடுவதில்லை. சில பல ஆண்டுகள் காத்திருக்கும். ஆய்வுக்காக வைத்திருந்த புரோடாக்சஸ் புழுக்களிலிருந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகும் பூச்சிகள் வெளிவந்துள்ளன என்பதை நோக்க, பூக்காத ஓராண்டு இந்த வம்சத்துக்குப் பெரிய இடையூறே அன்று.

பதில் 3:
ஒரு சேர்க்கை. ஜோஷுவா மரத்தின் பூச்சி 2003 வரை ஒரே இனமாகக் கருதப்பட்டது, உண்மையில் இரண்டு. மேற்குப் பகுதி மரங்களுக்கு டெகெட்டிகுலா சிந்தெட்டிகா, கிழக்குப் பகுதி மரங்களுக்கு உருவில் சிறியதான டெகெட்டிகுலா ஆன்டிதெட்டிகா. சூலகமுடிக்கும், விதையாக மாறும் சூல்களுக்கும் இடைப்பட்ட தொலைவு மேற்கத்திய பூக்களில் அதிகம். பூச்சியின் முட்டையிடும் உறுப்பின் நீளமும் அதற்கேற்ப வேறுபடுகிறது. நெவாடாவின் டிக்கபூ பள்ளத்தாக்கில் இருவகை மரங்களும் கலந்து நிற்கின்றன, இரு பூச்சிகளும் பறக்கின்றன, கலப்பின மரங்களும் உண்டு. பூச்சியின் மாற்றம் மரத்தைப் பிரித்ததா, மரத்தின் மாற்றம் பூச்சியைப் பிரித்ததா என்று ஆராய்வோர் அங்கேதான் செல்கிறார்கள்.