மறுமொழி: ‘டார்மன்ட்’ எரிமலைக்கு ‘உறங்கும்’ போதுமா?

அன்புள்ள கொடைக்கானல் ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

“உறங்கும் எரிமலை என்றே இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது” என்று ஐயா எழுதியிருந்தீர்கள். பழகிய சொல்லைக் கலைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் கோளாறு அந்த ஒரு சொல்லில் இல்லை. நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஆக்டிவ்’, ‘டார்மன்ட்’, ‘எக்ஸ்டிங்ட்’ எரிமலைகளுக்கு முறையே செயல்படும், உறங்கும், அணைந்த என்று மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கியதில்தான் இருக்கிறது.

ஃபியூஜி மலை கடைசியாகக் குமுறியது 1707இல். எங்கள் பள்ளியில் கேட்டால் ‘உறங்கும்’ என்றுதான் பிள்ளைகள் கை தூக்குவார்கள். ஜப்பான் வானிலை முகமையோ அதை ‘ஆக்டிவ்’ பட்டியலில் வைத்திருக்கிறது. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் குமுறியிருந்தாலோ, இப்போது ஆவியும் வாயுவும் மும்முரமாக வெளிவந்துகொண்டிருந்தாலோ அங்கே அது ஆக்டிவ். அந்தக் கணக்கில் அவர்களிடம் 111 எரிமலைகள் இருக்கின்றன. ‘செயல்படும்’ என்று தமிழில் படிப்பவருக்கு இப்போதே தீக்குழம்பு வழிவதுபோலத் தோன்றும். ஃபியூஜிக்கு அந்தச் சொல்லை ஒட்டினால் பொய்யாகிவிடும்.

ஜப்பான்காரர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே உயிருள்ளது, ஓய்வது, இறந்தது என்று மூன்றாகத்தான் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்டாகே மலை குமுறியதற்கு எழுத்துப் பதிவு எதுவும் இல்லாததால், அதைப் பலரும் இறந்த கணக்கில் எழுதியிருந்தார்கள். 1979இல் அது குமுறியது. பின்னிரண்டு சொற்களும் மெல்ல வழக்கொழிந்தன. கதை அதோடு முடியவில்லை. 2014 செப்டம்பரில் அதே ஒன்டாகே, மலையேறிகள் உச்சியில் இருந்த நேரத்தில் வெடித்து, 58 பேர் இறந்தார்கள். 5 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அன்று அதன் எச்சரிக்கை நிலை 1. அந்த நிலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘இயல்பு’. அடுத்த ஆண்டே அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ‘இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்க’ என்ற பொருளில் மாற்றினார்கள். “பெயரில் என்ன இருக்கிறது” என்று கேட்ட ஊட்டி நண்பர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, என் முன்மொழிவு இது. முதலில் இரண்டே வகை: உயிர்ப்புள்ள எரிமலை, அவிந்த எரிமலை. உயிர்ப்புள்ளதற்குள் உட்பிரிவு இரண்டு: இப்போது குமுறும் எரிமலை, நீறுபூத்த எரிமலை. ‘டார்மன்ட்’டுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தோன்றவில்லை. மார்கழிக் குளிரில் கரியடுப்பை மூட்டிக் கை காயும் நமக்கு விளக்கவே வேண்டாம்: மேலே சாம்பல், ஊதினால் கங்கு. உறங்குபவர் எழுந்தே தீருவார் என்ற எதிர்பார்ப்பு ‘உறங்கும்’ என்பதில் இருக்கிறது. நீறுபூத்தது அப்படி வாக்குக் கொடுப்பதில்லை, உள்ளே நெருப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

உயிர்ப்பு என்பதோடு அவிந்த என்பது ஒட்டவில்லை, ஒன்று உயிர், மற்றது தீ என்று ஐயா சொல்வீர்கள். தமிழில் விளக்கும் அவியும், உயிரும் அவியும், அதனால் ஒட்டும் என்றே நினைக்கிறேன். ‘இறந்த எரிமலை’ எனக்கு ஒப்பாததற்கு ஒன்டாகேயே காரணம்.

அப்படியானால் எதைத் துணிந்து ‘அவிந்த’ என்பது? எத்தனை ஆண்டு சும்மா இருந்தது என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டினால் மறுபடி ஒன்டாகேதான். கீழிருந்து பாறைக்குழம்பு வரும் வழி அறுந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. தக்காணத்தைப் பாருங்கள். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியில் குழம்பு பாய்ந்தது. அதற்கு மூலமான வெப்பப்புள்ளியை, அதாவது ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலெழும் இடத்தை, விட்டு நம் நிலத்தட்டு வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. அந்தப் புள்ளி இன்று இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது என்பது நிலவியலாளர்களிடையே பரவலான கருத்து. அங்குள்ள பிட்டன் டி லா ஃபூர்னேஸ் எரிமலை ஏறக்குறைய ஆண்டுதோறும் குமுறுகிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அதே தீவில்தான் வாழ்கிறார்கள். தக்காணத்தை அவிந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

குன்னூர்த் தங்கை கேட்ட கேள்வி: “நம் நீலகிரி இதில் எந்த வகை அண்ணா?” எதிலும் இல்லை, அம்மா. நீலகிரியும் பழனி மலையும் எரிமலைகளே அல்ல. தொட்டபெட்டா நிற்பது சார்னோக்கைட் பாறையில். சென்னைப் பரங்கிமலையிலும் இதே இனப் பாறைதான். நிலத்துக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, பிறகு மேலே உயர்ந்து வந்தது. கொடைக்கானல் ஏரி எரிமலை வாய் என்று அங்கே வரும் பயணிகளிடம் யாராவது சொன்னால் ஐயா தயவுசெய்து திருத்திவிடுங்கள். 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் அணை கட்டித் தேக்கிய நீர் அது. ஊட்டி ஏரியும் 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் வெட்டுவித்ததுதான்.

இந்திய எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அந்தமானின் பாரன் தீவு இருக்கிறது. 1787இல் குமுறல் பதிவாகியிருக்கிறது. பிறகு நூறாண்டுக்கும் மேல் சும்மா கிடந்து 1991இல் மறுபடி தொடங்கியது, இன்னும் விட்டுவிட்டுக் குமுறுகிறது. 1990இல் எழுதியிருந்தால் நீறுபூத்தது, 1991இல் குமுறும் எரிமலை. இரண்டிலும் உயிர்ப்புள்ளது என்ற தலைப்பு மாறவில்லை பாருங்கள். அதனால்தான் அந்த அடுக்கு.

பட்டியலில் உள்ள ‘வெடிக்கும் வாய்ப்பு’ பற்றி ஒரு வரி. வாய்ப்பு என்றால் நல்லது நடக்கப்போவது போல ஒலிக்கிறது. ‘நிகழ்தகவு’ என்றே வைக்கலாம், செய்தித்தாளில் எழுதும்போது ‘அபாயம்’ என்று போடலாம். எப்படியானாலும் நீறுபூத்ததற்கு ‘குறைவு’ என்று ஒரேயடியாக எழுதக் கூடாது. பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை சுமார் ஐந்நூறு ஆண்டு அமைதிக்குப் பிறகு 1991இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய குமுறல்களில் ஒன்றாக வெடித்தது. நில அதிர்வையும் கந்தக வாயுவையும் அளந்துகொண்டிருந்ததால்தான் பல்லாயிரம் பேரை முன்னதாக வெளியேற்ற முடிந்தது. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி, வரலாற்றில் குமுறியதாகப் பதிவே இல்லாத மலை, சாம்பலை டெல்லி வானம் வரை அனுப்பியது.

அப்புறம், ‘எரப்ஷன்’ எல்லாவற்றுக்கும் வெடிப்பு என்று போடுவதையும் விட வேண்டும். ஹவாயின் கிலாவேயா பெரும்பாலும் குழம்பை வழியவிடுகிறது. பொதுச்சொல்லாகக் குமுறல் இருக்கட்டும், பினதுபோ போன்றவற்றுக்கு மட்டும் வெடிப்பு.

நீறுபூத்த என்பதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன், கலைச்சொல் என்று தெரிய. பிரிக்க வேண்டும் என்பவர்கள் ஞாயிறுக்குள் சொல்லுங்கள், திங்கள்கிழமை பட்டியலில் ஏற்றிவிடலாம்.