எம்.எஸ்சி. நர்சிங்: இப்போதா, சில ஆண்டுகள் கழித்தா?

வணக்கம். செவிலியர் பணியில் இருக்கும் அக்காக்கள், அண்ணன்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்.எஸ்சி. சேர இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது 55 சதவீத மதிப்பெண், ஓராண்டு அனுபவம். இரண்டும் இருக்கின்றன. ஆனால் வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் பதறாமல் முதலில் நோயாளியையும் பிறகு இயந்திரத்தையும் பார்க்க இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

"சூட்டோடு சூடாகப் படித்துவிடு, கல்யாணத்துக்குப் பிறகு யார் விடுவார்கள்?" என்கிறார் அம்மா. வார்டு இன்சார்ஜ் அக்காவோ, "நாலு வருடம் படுக்கையருகே நிற்காமல் மாணவிகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாய்?" என்கிறார். இரண்டு ஆண்டுகள் சம்பளம் இல்லையென்றால் கல்விக் கடன் தவணை வேறு கழுத்தை நெரிக்கும்.

உண்மையில் எனக்குக் கற்பிப்பதைவிட நோயாளிகளோடு இருக்கத்தான் விருப்பம். அதனால் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் (தீவிர சிகிச்சை நோயாளிகளைக் கவனிப்பதில் செவிலியருக்கு உயர்பயிற்சி தரும்) படிப்பின் மீதும் ஒரு கண் இருக்கிறது. அதுவும் இரண்டு ஆண்டுகள்தான். பெரும்பகுதி மருத்துவமனைப் பயிற்சி. முடித்தவர்களுக்கு இங்கே அந்தப் பதவியிலேயே வேலை தருகிறார்களா, பழைய ஸ்டாஃப் நர்ஸ் வேலைதானா? கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் எம்.எஸ்சி. படித்தவர்கள், எத்தனை ஆண்டு அனுபவத்தோடு சேர்ந்தீர்கள், செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். இந்த வாரம் இரவுப் பணி. பதில்களைக் காலையில்தான் பார்ப்பேன்.