குகுருகுகு பலோமா: முணுமுணுக்கவா, கதறவா?

வேப்பமரத்தடி:
தோமாஸ் மெண்டெஸ் 1954-இல் எழுதிய மெக்சிகோ பாட்டு இது. பலோமா என்றால் புறா, குகுருகுகு அதன் கூவல். காதலி போனபின் சோறு இறங்காமல், குடித்துக் குடித்து, ராத்திரியெல்லாம் அழுதே செத்தவனின் கதை. மெக்சிகோ பாடகி லோலா பெல்த்ரான், வயலினும் டிரம்பெட்டும் முழங்கும் மரியாச்சிக் குழுவோடு பாடியதையும் கேட்டேன், பிரேசில்காரர் கயெத்தானோ வெலோசோ ஸ்பெயின் இயக்குநர் அல்மொதோவாரின் படமொன்றில் பாடியதையும் கேட்டேன். என் ஓட்டு வெலோசோவுக்கு. கிட்டார், செல்லோ, காதோடு சொல்வதுபோல ஒரு குரல். பிரிவுக்கு டிரம்பெட் எதற்கு? ஊர்வலமா போகிறது?

மதுரைக்குசும்பன்:
வரிகளைக் கவனித்தீர்களா சார்? அவன் அழுகையைக் கேட்டு வானமே நடுங்கியதாம். சாகும்போதும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே போனானாம். அவனா காதோடு பேசுவான்? அப்புறம், இது ஹுவாபாங்கோ பாணி. ஊரில் மரப்பலகை மேல் காலைத் தட்டி ஆடுகிற இசை. குரல் சட்டென்று உடைந்து கள்ளக்குரலுக்குத் தாவினால்தான் அது ஹுவாபாங்கோ. மிகேல் அசேவெஸ் மெஹியா அந்த உச்சியில் சுரத்தை இழுத்துப் பிடிப்பதைக் கேளுங்கள், அழுகை என்றால் அது.

வேப்பமரத்தடி:
நீங்கள் சொல்வது முதல் பாதி. இரண்டாம் பாதியில் ஆளே இல்லை. கதவெல்லாம் திறந்து கிடக்கும் வீடு, விடிகாலையில் ஒரு புறா வந்து பாடுகிறது. அது அவன் உயிர்தான், அவள் திரும்பி வருவாளென்று இன்னும் காத்திருக்கிறது என்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் நின்று கத்த எனக்கு மனம் வராது.

பாட்டுப்பெட்டி மீனா:
இரண்டு பேரும் அவனையே பேசுகிறீர்கள். அவள் ஏன் போனாள் என்று பாட்டில் ஒரு வரி கிடையாது! குடித்துவிட்டுப் புலம்பினால் காதலாகிவிடுமா? கியூபா பக்கம் வாருங்கள். மரியா தெரேசா வேரா மெட்டமைத்த 'வேய்ந்தே ஆன்யோஸ்' (இருபது ஆண்டுகள்), வரிகள் கியெர்மினா அராம்புரு. நீ என்னை விரும்பாதபோது நான் உன்னை நேசித்தால் உனக்கென்ன என்று கேட்கிறாள். முடிந்த காதலை நினைக்கக் கூடாது என்றும் தானே சொல்லிக்கொள்கிறாள். வானத்தை வம்புக்கு இழுக்கவில்லை.

மதுரைக்குசும்பன்:
அந்தப் பாட்டுக்கு நானும் அடிமைதான் மீனா, ஆனால் பேச்சை மாற்றாதீர்கள். வேப்பமரம் சார், புறா கூவும் இடத்தில் உங்கள் வெலோசோவும் குரலை மேலேதான் ஏற்றுகிறார்.

வேப்பமரத்தடி:
ஏற்றுகிறார், காட்டிக்கொள்ளவில்லை. லோலா சுரத்தை நீட்டும்போது எத்தனை நேரம் மூச்சுப் பிடிக்கிறார் என்றுதான் பார்க்கிறேன். செத்தவன் ஞாபகமே வருவதில்லை.